இங்கிலாந்துக் கிராமத்து மணிகள்: சீர்செய்ய ஏன் இத்தனை செலவு, ஏன் இத்தனை தகராறு?

இங்கிலாந்தின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும் செய்தி ஒன்று உண்டு. ஏதோ ஒரு கிராமத் தேவாலயத்தின் மணிகள் இனி அடிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டன, சீர்செய்ய ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வேண்டும், ஊரார் கேக் விற்றும் கச்சேரி வைத்தும் பணம் திரட்டுகிறார்கள் என்று போகும் அந்தச் செய்தி. படிக்கிறவருக்கு இயல்பாகவே மூன்று கேள்விகள் எழும். வெண்கல மணி கெட்டுப்போகுமா? கயிற்றை மாற்றினால் போதாதா? மின்சாரச் சுத்தியல் வைத்து அடித்துவிட்டுப் போனால் என்ன?

அங்கே மணி அடிக்கும் விதம் புரிந்துவிட்டால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். அந்தக் கோபுரத்துக்குள் இருப்பது நூற்றுக்கணக்கான கிலோ எடையைச் சுழற்றும் ஓர் எந்திரம். மணி அதில் ஓர் உறுப்பு, அதுவும் மிகக் குறைவாகத் தேயும் உறுப்பு. செலவில் பெரும்பகுதி மணியைச் சுற்றியிருக்கும் மற்ற உறுப்புகளுக்குத்தான் போகிறது.

முழு வட்டம் சுற்றும் மணி

உலகின் பெரும்பாலான ஊர்களில் மணி அசையாமல் தொங்கும், நாக்கு மட்டும் ஆடும். இல்லையென்றால் மணி இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஊசலாடும். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வேறொரு பழக்கம் வேர்விட்டது. அங்கே ஒவ்வோர் இழுப்புக்கும் மணி ஏறக்குறைய 360 பாகை சுற்றுகிறது. தொடங்கும் முன் அது தண்ணீர் பிடிக்க வைத்த குடம் மாதிரி வாயை மேலே காட்டி நிற்கும். கயிற்றை இழுத்தால் கவிழ்ந்து, கீழே பாய்ந்து, மறுபக்கம் ஏறி, மறுபடி வாய் மேலே பார்க்க நிற்கும். அடுத்த இழுப்பில் வந்த வழியே திரும்பும்.

இதற்கு வேண்டிய உறுப்புகள்:

1. தலைக்கட்டை: மணியின் தலையில் பூட்டிய கனத்த உத்தரம். பழையவை மரம், பின்னால் வந்தவை இரும்பு.

2. அச்சு முளைகளும் பேரிங்குகளும்: தலைக்கட்டையின் இரு முனைகளிலும் உள்ள முளைகள் பேரிங்கில் சுழலும். பழைய கோபுரங்களில் பித்தளைக் கிண்ணமும் எண்ணெயும். 20ஆம் நூற்றாண்டிலிருந்து பால் பேரிங்.

3. சக்கரம்: மணியைவிட அகலமான மரச் சக்கரம். கயிறு இதில் சுற்றி, தளங்களின் துளைகள் வழியாகக் கீழே மணியடிக்கும் அறைக்கு இறங்கும். கை பிடிக்கும் இடத்தில் வண்ணக் கம்பளி திணித்திருப்பார்கள்.

4. நாக்கு: மணிக்குள் தொங்கும் இரும்பு. மணி மேலேறும்போது அதை முந்திக்கொண்டு போய் ஒரே ஓர் அடி அடிக்கும்.

5. தாங்குகட்டை: மணி உச்சியைத் தாண்டி மறுபக்கம் விழாதபடி தடுக்கும் மரக்கட்டை. அடிக்கிறவர் தவறிப்போய் வேகமாக இழுத்தால் இது முறியவேண்டும் என்றே செய்யப்படுகிறது. முறிந்துவிட்டால் மணி நிற்காமல் சுற்றி, கயிற்றை மேலே இழுத்துக்கொண்டு போகும். அப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் கூடவே போவார். அதனால் புதியவர்களுக்கு முதல் பாடமே கயிற்றை எப்போது விட்டுவிட வேண்டும் என்பதுதான்.

6. சட்டகம்: இவை அத்தனையையும் தாங்கும் மர அல்லது இரும்புக் கட்டுமானம்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? நேரத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்கு. வாய் மேலே பார்த்து நிற்கும் மணியை உச்சியில் ஒரு கணம் தாமதிக்கலாம், அல்லது உச்சிக்குப் போகுமுன்பே திருப்பலாம். ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு மிகச் சிறியது. ஒரு சுற்றில் மூன்றாவதாக ஒலித்த மணி அடுத்த சுற்றில் இரண்டாவதாகவோ, மூன்றாவதாகவோ, நான்காவதாகவோதான் ஒலிக்க முடியும். ஒரேயடியாக ஆறாம் இடத்துக்குத் தாவ முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று, ஒரு வரிசையும் இரண்டாம் முறை வராமல் மணிகளை மாற்றி மாற்றி அடிப்பதே ஆங்கிலேய மணிக்கலை. அதில் மெட்டு கிடையாது, வரிசை மாற்றம்தான் உண்டு.

கணக்கு எளிது. 5 மணிகளுக்கு 120 வரிசைகள், 6 மணிகளுக்கு 720, 7 மணிகளுக்கு 5,040, 8 மணிகளுக்கு 40,320. ஆறு மணிகளின் 720 வரிசைகளையும் அடித்து முடிக்க ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். 5,000 வரிசைக்குக் குறையாத முழு நிகழ்வுக்குச் சுமார் மூன்று மணி நேரம். எட்டு மணிகளின் 40,320 வரிசைகளையும் 1963 ஜூலையில் லஃபரோ நகரின் மணி வார்ப்படச்சாலைக் கோபுரத்தில் எட்டுப் பேர் கைமாற்றாமல் ஏறக்குறைய 18 மணி நேரம் அடித்தார்கள். பன்னிரண்டு மணிகள் என்றால் 47 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். அதற்கு முப்பது வருடம் போதாது.

மின்சாரச் சுத்தியல் ஏன் மாற்றாகாது என்பது இதிலேயே தெரியும். மணிக்கூண்டில் நேரம் அறிவிக்கச் சுத்தியல் தாராளமாகப் போதும். ஆறு பேர் கூடி, கவனம் சிதறாமல் செய்யும் ஒரு வேலையை அது செய்யாது. ஓசையும் வேறு: சுழலும் மணி தன் வாயைக் காற்றில் வீசிக்கொண்டே ஒலிக்கிறது, நின்ற மணியில் அந்த அலைவு வராது.

முழு வட்டம் சுற்றும்படி மணிகள் அமைந்த கோபுரங்கள் இங்கிலாந்தில் 5,000க்கும் மேல். வேறு நாடுகளில் உள்ளவை அதனோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கெடுவது எது?

மணி உலோகம் என்பது சுமார் 77 முதல் 80 பங்கு செம்பும் மீதி வெள்ளீயமும் சேர்ந்த கலவை. இது கடினமானது, எளிதில் அரிக்காது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. ஒழுங்காகத் தொங்கவிட்டால் நானூறு, ஐந்நூறு வருடம் இருக்கும். இப்ஸ்விச் நகரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் உள்ள ஐந்து மணிகளும் இடைக்காலத்தவை, உலகில் ஒரே தொகுதியாக மிஞ்சியிருக்கும் ஐந்து மணிகளில் மிகப் பழையவை என்று கருதப்படுபவை. பல ஆண்டுகள் அடிக்கப்படாமல் கிடந்த அவை சீர்செய்யப்பட்டு 2009இல் மறுபடி ஒலித்தன. அந்த ஊரில் பிறந்து எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கார்டினல் வுல்சி சிறுவனாக இருந்தபோது கேட்ட அதே உலோகம்தான் இன்றைக்கும் ஒலிக்கிறது.

சட்டகமும் பேரிங்கும் நாக்கும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. மணியே விரிசல் விட்டாலும் காரணம் பெரும்பாலும் மனிதன் செய்ததாக இருக்கும். அப்படி மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மணிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இரும்பு. பழைய வார்ப்பாளர்கள் நாக்கைத் தொங்கவிட ஓர் இரும்பு வளையத்தை மணியின் தலைக்குள் வைத்தே வார்த்துவிட்டார்கள். வெண்கலத்துக்குள் புதைந்த அந்த இரும்பு நூற்றாண்டுக் கணக்கில் மெல்லத் துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். வெளியே இடமில்லை, அதனால் மணியின் தலையை உள்ளிருந்து பிளக்கத் தொடங்குகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேட்டாலும் கடைசிவரை தெரியாது. தெரியும் நாளில் விரிசல் விழுந்திருக்கும். எனவே மணிகளை இறக்கும் எந்தத் திட்டத்திலும் அந்த இரும்பைத் துளைத்து எடுத்துவிட்டு, மணியின் நடுவே ஒரு துளை வழியாகப் புது நாக்குத் தாங்கியைப் பூட்டுவது முக்கியமான வேலை. மணி இன்னும் நன்றாகத்தானே ஒலிக்கிறது, இப்போது என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இரண்டாவது, சோம்பேறித்தனம். கோவில்பிள்ளை (தேவாலயப் பணியாள்) தனியாக எல்லா மணிகளையும் அடிக்க வேண்டியிருந்தால், நாக்கிலேயே கயிற்றைக் கட்டி இழுத்துவிடுவார். நாக்கு மணியின் விளிம்பில் அழுந்திக்கொண்டே நிற்கும். அதிர முடியாத உலோகம் பிளக்கும். இங்கிலாந்தில் இப்படி விரிசல் விட்ட மணிகள் ஏராளம்.

மூன்றாவது சாதாரணத் தேய்மானம். நாக்கு ஒரே இடத்தில் இருநூறு வருடம் அடித்தால் அங்கே குழி விழும். இதற்கு எளிய வைத்தியம் உண்டு: மணியைக் கால் சுற்றுத் திருப்பித் தொங்கவிட்டால் நாக்கு தேயாத இடத்தில் அடிக்கும்.

விரிசல் விட்ட மணியை முன்பெல்லாம் உருக்கி மறுபடி வார்ப்பார்கள். இப்போது அதை மெல்லச் சூடாக்கி, அதே உலோகத்தால் பற்றவைத்து, மெல்ல ஆறவிடும் முறை வந்துவிட்டது. ஜெர்மனியின் நோர்ட்லிங்கன் நகரில் இதற்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது. பழைய மணியின் உலோகமும் எழுத்தும் அப்படியே மிஞ்சுகின்றன.

மற்றவற்றைப் பார்த்தால், பேரிங் தேய்ந்தால் மணி கனக்கும், நாக்கின் அச்சுத் தளர்ந்தால் அடி ஒருபக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமுமாக விழும், ஓக் மரச் சட்டகத்தை வண்டு துளைக்கும். ஜன்னல் சட்டங்களில் கம்பி வலை கிழிந்திருந்தால் காகக் கூட்டம் சுள்ளி சுள்ளியாகக் கொண்டுவந்து அறை முழுக்க நிரப்பிவிடும். பல கோபுரங்களில் முதல் வார வேலை சுள்ளியையும் பறவை எச்சத்தையும் மூட்டை கட்டி இறக்குவதுதான்.

இறக்கிப் பார்த்தால்

மணிகளை இறக்குவது மணிமாட்டும் தொழிலாளர்களின் வேலை. ஊர்த் தொண்டர்கள் கூடவே நின்று உழைத்தால் கூலி கணிசமாகக் குறையும். ஒவ்வொரு தளத்திலும் உள்ள பொறிக்கதவைத் திறந்து, சங்கிலிக் கப்பியில் ஒவ்வொன்றாக இறக்கி, தேவாலயத்தின் தரையில் வரிசையாக வைக்கிறார்கள்.

ஊரார் தங்கள் மணியை முதன்முதலாக அருகில் பார்ப்பது அப்போதுதான். இடைக்கால மணியாக இருந்தால் லத்தீனில் மரியாளிடமோ ஒரு புனிதரிடமோ ஒரு மன்றாட்டு இருக்கும். எழுத்து தெரியாத வார்ப்பாளர் அச்சில் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ பதித்த எழுத்துகளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு வந்ததும் பக்தி குறைந்து ஊர்ப்பேச்சு கூடுகிறது. குளோஸ்டரின் ரட்ஹால் குடும்பம் வார்த்த மணிகளில் ‘சமாதானமும் நல்ல அக்கம்பக்கமும்’ என்றும், ‘இந்த ஊர்ச் சபைக்குச் செழிப்பு உண்டாகட்டும்’ என்றும் பொருள்படும் வரிகள் திரும்பத் திரும்ப வரும். வார்க்கும் செலவைக் கொடுத்த சபைக் காரியதரிசிகளின் பெயர்களும் இருக்கும், போதகரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்கூட.

எடையை இன்றும் பழைய ஆங்கில அளவில்தான் சொல்கிறார்கள். 12-2-14 என்று எழுதியிருந்தால் 12 ஹண்ட்ரட்வெயிட், 2 குவார்ட்டர், 14 பவுண்டு. அதாவது சுமார் 641 கிலோ. ஒரு கிராமத்துக் கனத்த மணிக்கு இது சாதாரண எடை.

சுருதியில் கை வைக்கலாமா?

மணி மீட்பில் மிகப் பெரிய சண்டை நடக்கும் இடம் இது. முதலில் மணி எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு மணியை அடித்தால் ஒரே ஸ்வரம் வருவதில்லை. பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் எழும்பி, வெவ்வேறு வேகத்தில் அடங்கும். அவற்றில் ஐந்து முக்கியம். நம் ஸ்வரப் பெயர்களில் சொன்னால், நன்றாக அமைந்த மணியில் அவை இப்படி இருக்கும்:

1. கீழ் ஸ்தாயி ஸட்ஜம், கடைசிவரை நீண்டு ஒலிக்கும் முனகல்.
2. நடு ஸ்தாயி ஸட்ஜம்.
3. சாதாரண காந்தாரம். மணியோசையில் எப்போதும் ஒரு சோகம் இருப்பதுபோலத் தோன்றக் காரணம் இதுதான்.
4. பஞ்சமம்.
5. மேல் ஸ்தாயி ஸட்ஜம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அடித்தவுடன் ‘இதுதான் இந்த மணியின் சுருதி’ என்று நமக்குப் படுகிறதே, அந்தச் சுருதி மேலே எழும் ஸ்வரங்களிலிருந்து காது தானாகக் கட்டிக்கொள்வது. அதற்கென்று தனி அதிர்வு மணியில் இருக்கத் தேவையில்லை.

பழைய மணிகளில் இந்த ஐந்தும் இவ்வளவு ஒழுங்காக இராது. கீழ் ஸட்ஜம் சற்று மேலே ஏறியிருக்கும், நடு ஸட்ஜம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் காலத்து வார்ப்பாளர்கள் மேல் ஸ்வரங்களை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். சுருதி அதிகமாக இருந்தால் உளியும் சுத்தியலுமாக உள்பக்கத்தைக் கொத்தி எடுத்தார்கள். அந்தக் கொத்தல் தழும்புகளை இன்றும் பார்க்கலாம்.

1890களில் சஸெக்ஸ் மாவட்டத்தில் ஃபிட்டில்வொர்த் என்ற சிறு கிராமத்தின் போதகராக இருந்த ஆர்தர் சிம்ப்சன், ஐந்தையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்யலாம் என்று எழுதினார். லஃபரோவின் டெய்லர் வார்ப்படச்சாலை அதை 1896இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மணியைச் செங்குத்து லேத்தில் வாய் மேலாக வைத்து உள்பக்கத்தை வளையம் வளையமாகச் சீவினார்கள். எந்த உயரத்தில் சீவுகிறோமோ அதற்கேற்ப ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கும். சுவர் மெலியும்போது சுருதி குறையும் என்பது விதி. கூட்ட வேண்டுமானால் விளிம்பை அறுக்க வேண்டும். அது ஓசையைக் கெடுக்கும் என்பதால் பெரும்பாலும் செய்வதில்லை.

சீவின உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதே பிரச்சினை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நூற்றுக்கணக்கான பழைய மணிகள் இப்படிச் சீவப்பட்டன. அத்தோடு மணியின் தலையில் தொங்கவிடுவதற்கென வார்த்திருந்த வளையங்களையும் வெட்டி எறிந்தார்கள்; தட்டையான தலையில் போல்ட் போட்டு முடுக்குவது வசதி என்பதால். இன்றைக்கு அந்த வளையங்களை அப்படியே வைத்துக்கொண்டு பூட்டக்கூடிய தலைக்கட்டைகளையே செய்கிறார்கள். இதை அப்போதே செய்திருந்தால் நிறையத் தப்பியிருக்கும்.

இன்றைய நடைமுறை இப்படி. இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயக் கட்டடக் குழு பாதுகாக்க வேண்டிய மணிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் உள்ள மணிகளில் சுருதிக்காகச் சீவுவதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. மற்றவற்றில் வாதம் நடக்கும். மணியடிப்பவர்கள் ஒத்த சுருதி கேட்பார்கள். தினமும் காதால் கேட்பவர்கள் அவர்கள்தானே. தொல்லியல் பக்கம் நிற்பவர்கள் வேண்டாம் என்பார்கள். என் சாய்வு இரண்டாவது தரப்பின் பக்கம்தான், ஒரு விலக்கோடு. 19ஆம் நூற்றாண்டில் ஆலைச் சரக்காக வார்த்த சாதாரண மணி சுருதி விலகி ஒலித்தால் தாராளமாகச் சீவலாம். 15ஆம் நூற்றாண்டு மணியின் ‘பிசகு’ என்பது அந்தக் காலத்துக் காது எதைச் சரி என்று நினைத்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அதைத் திருத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

சட்டகமும் கோபுரமும்

தலைகீழாக நின்ற மணி கீழே பாயும்போது தன் எடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விசையைக் கீழ்நோக்கியும், இரண்டு மடங்கு விசையைப் பக்கவாட்டிலும் சட்டகத்தில் செலுத்துகிறது. 500 கிலோ மணி ஒன்று சில விநாடிகளுக்கு ஒருமுறை இரண்டு டன்னால் கீழே அழுத்தி, ஒரு டன்னால் சுவரைத் தள்ளுகிறது. இப்படி ஆறு மணிகள்.

கீழ்நோக்கிய அழுத்தத்தைக் கல் கோபுரம் பொருட்படுத்தாது. பக்கவாட்டுத் தள்ளல்தான் ஆபத்து. அதனால்தான் சட்டகத்தை வடிவமைப்பவர்கள் சில மணிகளை வடக்கு தெற்காகவும் சிலவற்றைக் கிழக்கு மேற்காகவும் ஆடும்படி வைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து மணிகளின் விசை ஒரே திசையில் கூடிவிடக் கூடாது. முடிந்தால் சட்டகத்தைக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் அமைக்கிறார்கள். உயரம் குறைந்தால் ஆட்டமும் குறையும்.

பழைய ஓக் சட்டகங்களில் இன்னொரு சிக்கல். மரம் காய்ந்து சுருங்கி மூட்டுகள் தளர்ந்ததும், முன்னோர்கள் சட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு அடித்தார்கள். ஆட்டம் அப்போதைக்கு நின்றது. அதன் பிறகு ஒவ்வோர் அடியும் ஆப்பு வழியாகச் சுவரின் ஒரு கல்லில் போய் இடித்தது.

இங்கே இரண்டு வழி. புது எஃகுச் சட்டகம் போட்டால் மணி சுகமாகச் சுழலும், நூறு வருடக் கவலை விடும். ஆனால் 17ஆம் நூற்றாண்டுத் தச்சனின் வேலை வெளியே போகும். பல இடங்களில் நடுவழி ஒன்றைப் பிடிக்கிறார்கள்: பழைய சட்டகத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்குக் கீழே புதுச் சட்டகம் போட்டு மணிகளை அதில் ஏற்றுகிறார்கள். செலவு கூடும், ஆனால் எதையும் இழக்க வேண்டியதில்லை.

யாரிடம் அனுமதி?

பழைய கிராமத் தேவாலயங்களில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். என்றாலும் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசின் பாரம்பரியக் கட்டட அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. பதிலுக்கு அது தன் சொந்த நீதிமன்ற முறையை வைத்திருக்கிறது. மறைமாவட்டத்தின் திருச்சபை நீதிபதி எழுத்து மூலம் அனுமதி தரவேண்டும். வேலையின் அளவைப் பொறுத்து மூன்று படிகள்:

1. கயிறு மாற்றுவது, வழக்கமான பராமரிப்பு: அனுமதி தேவையில்லை.
2. பேரிங் வேலை போன்ற நடுத்தரப் பணிகள்: ஆர்ச்டீக்கனின் (ஆயருக்கு உதவும் மூத்த போதகர்) எழுத்து ஒப்புதல்.
3. மணிகளை வெளியே கொண்டுபோவது, சுருதி மாற்றுவது, புதுச் சட்டகம், கூடுதல் மணி: மறைமாவட்ட ஆலோசனைக் குழுவின் கருத்து, பொது அறிவிப்பு, நீதிபதியின் தீர்ப்பு.

ஊரில் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். கூடவே வௌவால்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்ட உயிரினம். கோபுரத்தில் வௌவால் குடியிருந்தால் அதன் இனப்பெருக்கக் காலத்தைப் பார்த்துத்தான் வேலைக்குத் தேதி குறிக்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

உறுப்புகளைவிடக் கைவேலைக்குத்தான் அதிகம். புதுச் சட்டகம் என்றால் எஃகு, கட்டமைப்புப் பொறியாளர், சுவரில் பொருத்தும் கல்வேலை எல்லாம் சேரும். இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லண்டனின் ஒயிட்சேப்பல் வார்ப்படச்சாலை 1570இலிருந்து தன் வரலாற்றைச் சொல்லி வந்தது. பிலடெல்ஃபியாவின் சுதந்திர மணியை 1752இலும் பிக் பென் மணியை 1858இலும் வார்த்தது அதுதான். 2017இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தை ஹோட்டலாக மாற்ற 2021இல் அரசு அனுமதி கொடுத்ததும் பெரிய சர்ச்சையானது. பெரிய அளவில் கோபுர மணி வார்க்கும் பழைய ஆலைகளில் இப்போது மிஞ்சியிருப்பது லஃபரோவின் ஜான் டெய்லர்தான். மணி மாட்டும் வேலைக்குத் தனி நிறுவனங்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஆப்பிள்டனில் 1824 முதல் இயங்கும் ஒயிட் குடும்ப நிறுவனம் அவற்றில் பழையது.

வருமானப் பக்கம் பார்த்தால் தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதி, மாவட்ட மணியடிப்போர் சங்கங்களின் மணி நிதி, அறக்கட்டளைகள், மீதி ஊராரின் கை. பூட்டிய தேவாலயங்களின் மணிகளை வேறு ஊருக்குச் சேர்த்துவைக்கும் கெல்டெக் அறக்கட்டளை போன்றவை மூலம், ஐந்தை ஆறாக்க நினைக்கும் ஊர் புதிதாக வார்க்காமலேயே ஒரு மணியை வாங்கிக்கொள்ளலாம்.

அண்மையில் குழப்பம் உண்டாக்கியது வரி விஷயம். மீட்பு வேலைக்கு 20 சதவீத வாட் உண்டு. பாதுகாக்கப்பட்ட வழிபாட்டு இடங்களுக்கு அதைத் திருப்பித் தரும் மானியத் திட்டம் 2001 முதல் 2026 மார்ச் வரை இருந்தது. மணி வேலையும் அதில் அடக்கம். 2025-26 நிதியாண்டுக்கு அரசு ஓர் உச்சவரம்பு வைத்தது: ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு. இதன் பொருள் என்ன? 1,00,000 பவுண்டு வேலைக்கு வாட் 20,000. முழுதும் திரும்பக் கிடைத்திருக்கலாம். 2,50,000 பவுண்டு வேலைக்கு வாட் 50,000, பாதிதான் கிடைத்திருக்கும். ஐந்து வருடமாகக் கேக் விற்றுப் பணம் சேர்த்த ஊருக்கு, கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் 25,000 பவுண்டுப் பள்ளம். மொத்த ஒதுக்கீட்டையும் 2.3 கோடி பவுண்டாகக் குறைத்தார்கள். வேலையை இரண்டு நிதியாண்டுகளில் பிரித்துச் செய்யலாமா என்று சபைகள் யோசிக்கத் தொடங்கியது இதனால்தான்.

சத்தம் பற்றிய புகார்கள்

ரொம்ப நாள் அடிக்காமல் இருந்து மறுபடி ஒலிக்கும் மணிக்கு அக்கம்பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பது வாடிக்கை. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி சத்தம் தொல்லை என்று உள்ளூராட்சி முடிவு செய்தால் தடை அறிவிப்பு கொடுக்கலாம். கென்ட் மாவட்டத்தின் சாண்ட்விச் ஊரில் 2017இல் ஒரு புகாரின்பேரில் மணிக்கூண்டுக் கடிகாரத்தின் இரவு ஒலி நிறுத்தப்பட்டபோது, ஊரே அதை எதிர்த்துக் கிளம்பியது.

இது புதிய சண்டையும் இல்லை. ஓவியர் கான்ஸ்டபிள் பிறந்த ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில், கோபுரம் கட்டும் வேலை பாதியில் நின்றுபோனதால், மணிகளைத் தரையிலேயே ஒரு மரக் கூண்டில் 1531இல் வைத்தார்கள். தற்காலிக ஏற்பாடு, இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கயிறும் சக்கரமும் இல்லாமல் தலைக்கட்டையைக் கையால் தள்ளியே அடிக்கிறார்கள். அந்தக் கூண்டு 17ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது, அருகே இருந்த மாளிகைவாசிக்குச் சத்தம் பிடிக்காததால் என்கிறார்கள்.

இப்போது தொழில்நுட்பத் தீர்வு இருக்கிறது. மணி அறை ஜன்னல்களின் உள்பக்கம் திறந்து மூடும் கதவு வைத்தால், பயிற்சி நாளில் மூடி ஞாயிறன்று திறக்கலாம். நாக்கைக் கட்டிவிட்டு, சக்கரத்தில் உணரி பொருத்தி, அறைக்குள் மட்டும் கணினி ஒலி கேட்கும்படியும் பயிற்சி செய்யலாம். மீட்புத் திட்டத்திலேயே இவற்றைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். பிறகு தனியாகச் செய்தால் இரட்டைச் செலவு.

மணி ஏறிய பிறகு

கோபுரம் தயாரானாலும் அடிக்க ஆள் வேண்டும். கயிற்றைப் பாதுகாப்பாகக் கையாளப் பழகவே பத்துப் பதினைந்து மணி நேரம் கூட இருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஆறு மணிகளுக்கு ஆறு பேர். 1940இல் படையெடுப்பு எச்சரிக்கைக்கு மட்டுமே மணி என்று அரசு உத்தரவிட்டு 1943 வரை தடை நீடித்தபோதும், 2020இல் கொரோனாவுக்காகக் கோபுரங்கள் பூட்டப்பட்டபோதும், திரும்பி வராமல் போன மணியடிப்போர் கொஞ்சநஞ்சமல்ல. முதல் உலகப் போரில் இறந்த 1,400 மணியடிப்போருக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்க 2018இல் ஓர் இயக்கம் நடந்தது. 2023இல் மன்னர் சார்லஸ் முடிசூட்டை ஒட்டி இன்னொன்று. நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் ‘மீட்டபின் யார் அடிப்பார்கள், யார் கற்றுக்கொடுப்பார்கள்’ என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கிறதா என்று நிதி கொடுப்பவர்கள் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் பராமரிப்பு. புது மரத் தலைக்கட்டையும் சக்கரமும் முதல் வருடத்தில் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். புதுக் கயிறு நீளும். இயற்கை நாரில் திரித்த கயிறாக இருந்தால் மழைக்காலத்தில் சுருங்கிக் கைக்கு எட்டாமல் போகும். தளர்ந்த போல்ட்டை யாரும் கவனிக்காவிட்டால் மணி தலைக்கட்டையோடு ஆடத் தொடங்கும், பேரிங் சாயும், நாக்கு ஒருபக்கமாக அடிக்கும். எனவே கோபுரப் பொறுப்பாளர் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்பேனரோடு மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஏறும் முன் எல்லா மணிகளும் வாய் கீழாக இறக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம். வாய் மேலாக நிற்கும் மணி லேசாகத் தொட்டாலும் கவிழும்.